‘சஹாரா’ வழக்கு: சாகச நாவல் படமாகி, படம் கோர்ட்டுக்குப் போன கதை (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

இது என்ன வழக்கு? சுருக்கமாகச் சொல்ல முடியுமா?

அமெரிக்க சாகச நாவலாசிரியர் கிளைவ் கஸ்லர், தன் ‘சஹாரா’ நாவலைப் படமெடுத்த நிறுவனத்தின் மேல் 2004 ஜனவரியில் லாஸ் ஏஞ்சலஸில் வழக்குப் போட்டார். திரைக்கதைக்குத் தன் சம்மதம் வாங்க வேண்டும் என்று ஒப்பந்தத்தில் இருக்கிறது, வாங்காமலே எடுக்கிறார்கள் என்பது புகார். கேட்ட நஷ்டஈடு 10 கோடி டாலர். நிறுவனம் சும்மா இருக்கவில்லை, எதிர்வழக்குப் போட்டது. படம் 2005 ஏப்ரலில் வந்து ஊத்திக்கொண்டது. வழக்கு அதற்குப் பிறகும் ஓடி, 2012 டிசம்பரில்தான் ஓய்ந்தது. முடிவில் இரண்டு தரப்புக்கும் கிடைத்தது ஏறக்குறைய ஒன்றுமில்லை.

கஸ்லரை எனக்குத் தெரியாதே. யார் அவர்?

பழைய புத்தகக் கடைகளில் தடித்த ஆங்கில நாவல்களைப் புரட்டியவர்கள் அவர் பெயரைப் பார்த்திருப்பார்கள். 1931இல் பிறந்தவர். விளம்பரத் துறையில் வேலை பார்த்துவிட்டு நாவலுக்கு வந்தவர். முதல் நாவல் 1973இல் வெளியானது. அவருடைய நாயகன் டர்க் பிட். ‘நுமா’ என்ற கடல் ஆய்வு அமைப்பில் வேலை செய்பவன், பழைய கார்கள் சேர்ப்பவன், எந்தக் கடலில் தள்ளினாலும் மேலே வந்துவிடுபவன். கூடவே நகைச்சுவைக்கு அல் ஜியார்டினோ என்ற நண்பன்.

கஸ்லருக்கும் பிட்டுக்கும் இடையே சுவர் கொஞ்சம் மெல்லியது. கதையில் வரும் ‘நுமா’ பெயரிலேயே 1979இல் ஓர் அமைப்பைத் தொடங்கி, நிஜமாகவே மூழ்கிய கப்பல்களைத் தேடினார். அமெரிக்க உள்நாட்டுப் போரில் மூழ்கிய ‘ஹன்லி’ நீர்மூழ்கியை அந்த அமைப்பு 1995இல் கண்டுபிடித்தது. மகனுக்கும் டர்க் என்றுதான் பெயர். அப்படிப்பட்டவரிடம் போய் “உங்கள் நாயகனைக் கொஞ்சம் மாற்றிக்கொள்கிறோம்” என்றால் என்ன நடக்கும் என்று யூகிக்கலாம்.

திரைக்கதை விஷயத்தில் அவர் ஏன் அவ்வளவு கறாராக இருந்தார்?

ஏற்கெனவே ஒருமுறை கையைச் சுட்டுக்கொண்டவர். 1976இல் அவர் எழுதிய நாவலில், மூழ்கிப்போன டைட்டானிக்கை டர்க் பிட் மேலே தூக்குகிறான். நாவல் சக்கைப்போடு போட்டது. பிரிட்டிஷ் தயாரிப்பாளர் லூ கிரேட் உரிமையை வாங்கினார். கப்பல் மாதிரியைச் செய்த பிறகு அதை மூழ்கடித்துப் படமெடுக்கும் ஆழத்துக்குத் தொட்டி இல்லை என்பது தெரிந்து, மால்டாவில் புதிதாகப் பிரம்மாண்டமான தண்ணீர்த் தொட்டி கட்டினார்கள். பட்ஜெட் 4 கோடி டாலரைத் தொட்டது. 1980இல் படம் வந்து, அமெரிக்காவில் வசூல் 1 கோடியைக்கூட எட்டவில்லை. “இதற்கு அட்லாண்டிக் கடலையே இறக்கியிருந்தால் செலவு குறைந்திருக்கும்” என்று லூ கிரேட் நொந்து சொன்னதாக இன்றும் பேசுவார்கள்.

கஸ்லருக்கோ அந்தப் படம் பிடிக்கவே இல்லை. சூடு கண்ட பூனை அடுப்பங்கரை சேராது என்பது போல, அதன் பிறகு ஏறத்தாழ இருபது வருஷம் ஹாலிவுட் பக்கமே போகவில்லை. கேட்டு வந்தவர்களுக்கெல்லாம் அவர் வைத்த நிபந்தனை ஒன்றுதான்: கதை என் கையில் இருக்க வேண்டும்.

பிறகு எப்படிச் சம்மதித்தார்?

அந்த நிபந்தனைக்கு ஒருவர் தலையாட்டிவிட்டார். டென்வரைச் சேர்ந்த கோடீஸ்வரர் பிலிப் ஆன்ஷுட்ஸ். எண்ணெய், ரயில், விளையாட்டு அரங்கம் என்று பல தொழில்களில் கால் வைத்தவர். ரீகல் தியேட்டர் சங்கிலியும் அவர் கையில் இருந்தது. குடும்பத்தோடு பார்க்கிற மாதிரிப் படங்களை எடுக்க வேண்டும் என்று க்ரூஸேடர் என்டர்டெயின்மென்ட் என்ற நிறுவனத்தை நடத்தினார்.

2001இல் ஒப்பந்தம் போட்டார்கள். புத்தகம் ஒன்றுக்கு 1 கோடி டாலர், அதுவும் குறைந்தது இரண்டு புத்தகங்களுக்கு. ஒரு நாவலுக்கு ஹாலிவுட் கொடுக்கும் தொகைகளில் இது உச்சத்தில் இருக்கும். இதற்கு மேல் திரைக்கதை, இயக்குநர், முக்கிய நடிகர்கள் மூன்றிலும் கஸ்லருக்கு ஒப்புதல் உரிமை.

என்னைக் கேட்டால் வழக்கின் விதை இங்கேதான் விழுந்தது. பணம் போடுகிறவர் ஒருவர், வேண்டாம் என்று சொல்லும் உரிமை இன்னொருவர் கையில், நடுவில் சண்டை வந்தால் யார் தீர்ப்பது என்பதற்கு வழி இல்லை. அந்தத் தொகையும் அந்த உரிமையும் ஒரே காகிதத்தில் இருந்தது ஆபத்தான சேர்க்கை.

எழுத்தாளருக்கு ஒப்புதல் உரிமை கொடுப்பது சகஜம்தானே?

இல்லை. சகஜமாகக் கொடுப்பது ‘கலந்தாலோசிக்கும்’ உரிமை. வரைவை அனுப்புவார்கள், நீங்கள் குறிப்பு எழுதி அனுப்பலாம், அவர்கள் நன்றி சொல்லிவிட்டு அதை ஓரமாக வைக்கலாம். பெரும்பாலான எழுத்தாளர்களுக்கு அதுகூடக் கிடைப்பதில்லை. காசோலையும் முதல் காட்சிக்கு ஓர் அழைப்பும், அவ்வளவுதான்.

ஒப்புதல் வேறு. நீங்கள் சரி என்று சொல்லாமல் கேமரா சுழலக் கூடாது. ஸ்டுடியோக்கள் இதற்கு அஞ்சுவதில் நியாயம் இருக்கிறது. நடிகரின் தேதி, பருவநிலை, வாடகைக்கு எடுத்த இடம் எல்லாம் காத்திருக்கும்போது, ஒரே ஒரு ஆளின் தலையாட்டலுக்காகப் பல கோடி நிற்க முடியாது.

சரி, எங்கே முட்டிக்கொண்டது?

திரைக்கதையில்தான். ஒருவர் எழுதுவார், கஸ்லருக்குப் பிடிக்காது. இன்னொருவர் வருவார், அதுவும் சரிவராது. கஸ்லரே தன் பங்குக்கு எழுதிப் பார்த்தார், அது தயாரிப்பாளருக்குப் பிடிக்கவில்லை. இப்படியே பத்து எழுத்தாளர்கள் வரை வந்து போனார்கள். திரைக்கதைக்கு மட்டும் 38 லட்சம் டாலர் ஆனது. படத்தில் எழுத்தாளர்களாகப் பெயர் வந்தது நான்கு பேருக்குத்தான்.

ஒரு கட்டத்தில் நிறுவனம் பொறுமை இழந்து, கஸ்லர் ஒப்புக்கொள்ளாத திரைக்கதையோடு மொராக்கோவுக்குக் கிளம்பியது. படப்பிடிப்பு நடந்துகொண்டிருந்தபோதே வழக்கு வந்துவிட்டது. படம் ஓடாததால்தான் எழுத்தாளர் கோர்ட்டுக்குப் போனார் என்று சிலர் எழுதுகிறார்கள். தேதியைப் பார்த்தால் அது தப்பு என்று தெரியும். அவர் போனபோது படமே முடியவில்லை.

நாவலில் இருந்து படம் அவ்வளவு விலகிப் போய்விட்டதா?

எலும்புக்கூடு அதேதான். உள்நாட்டுப் போர்க் காலத்து இரும்புக் கப்பல் ஒன்று எப்படியோ ஆப்பிரிக்காவுக்கு வந்து பாலைவன மணலுக்குள் கிடக்கிறது. மாலி நாட்டில் ஒரு விஷக்கழிவு ஆலை, அதற்குத் துணைபோகும் ஒரு தளபதி, பரவும் நோயைத் துரத்தி வரும் ஒரு மருத்துவர். நாவலில் அந்தக் கப்பலுக்குள் இருப்பது ஆபிரகாம் லிங்கனின் உடல்! படத்தில் அதைத் தூக்கிவிட்டார்கள். வாசகனாக எனக்கு அந்தத் திருப்பம் ரொம்பப் பிடிக்கும். ஆனால் இரண்டு மணி நேரப் படத்தில், திடீரென்று லிங்கனை வெளியே எடுத்து வைத்தால் தியேட்டர் சிரித்துவிடும் என்று தயாரிப்பாளர் பயந்திருந்தால் அதைக் குற்றம் சொல்லவும் முடியாது.

எதிர்வழக்கில் நிறுவனம் என்ன சொன்னது?

மூன்று விஷயம். ஒன்று, கஸ்லர் ஒப்புதல் உரிமையை நேர்மையாகப் பயன்படுத்தவில்லை, தன் திரைக்கதையைத் திணிப்பதற்காக மற்றவர்களுடையதைத் தட்டிக்கழித்தார். இரண்டு, படம் வருவதற்கு முன்பே அதைப் பற்றித் தாழ்வாகப் பேசி ரசிகர்களைக் கலைத்தார்.

மூன்றாவதுதான் சுவாரஸ்யம். கஸ்லரின் நாவல்கள் 10 கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றன என்று சொல்லித்தான் தங்களிடம் இவ்வளவு பெரிய தொகை வாங்கினார்கள், நிஜ விற்பனை அதில் பாதிகூட இல்லை என்றது நிறுவனம். கணக்கர்களை வைத்துப் புத்தக விற்பனையைத் தோண்டினார்கள். புத்தக அட்டையில் ‘பல கோடி வாசகர்கள்’ என்று போடுவது பதிப்புலகத்தில் எப்போதும் இருக்கிற வழக்கம். யாரும் அதை எண்ணிப் பார்ப்பதில்லை. இங்கே எண்ணினார்கள்.

இந்தக் கேள்வி வழக்குக்கு ஏன் முக்கியம் என்றால், நாவலுக்குக் கொடுக்கும் விலை உண்மையில் கதைக்குக் கொடுக்கும் விலை இல்லை. தியேட்டருக்கு வரப்போகும் வாசகர் கூட்டத்துக்குக் கொடுக்கும் முன்பணம். கூட்டம் பாதிதான் என்றால் விலையும் பாதிதானே என்பது அவர்கள் வாதம்.

படம் முதல் வாரம் அமெரிக்காவில் முதலிடம் என்கிறார்களே! அப்புறம் எப்படி நஷ்டம்?

உண்மைதான். முதல் மூன்று நாளில் சுமார் 1 கோடியே 80 லட்சம் டாலர், பட்டியலில் முதலிடம். உலகம் முழுக்க மொத்த வசூல் ஏறக்குறைய 11 கோடியே 90 லட்சம் டாலர். வேறொரு சின்னப் படத்துக்கு இது கொண்டாட்டம்.

ஆனால் வசூல் என்பது தயாரிப்பாளர் கைக்கு வருகிற பணம் இல்லை. தியேட்டர்காரர் பங்கு ஏறத்தாழ பாதி போகும். படத்தை எடுக்க ஆன செலவு மட்டும் 16 கோடி டாலர். டர்க் பிட்டாக நடித்த மாத்யூ மெக்கானஹேயின் சம்பளம் 80 லட்சம். அதற்கு மேல் பிரிண்ட், விளம்பரம், விநியோகம். எல்லாம் சேர்த்து சுமார் 28 கோடி டாலர் செலவு, டிவிடி, டிவி என்று பின்னால் வரக்கூடியதையும் கூட்டினால் 20 கோடிக்குச் சற்று மேல் வருமானம். ஆக நஷ்டம் 7 கோடியே 80 லட்சத்துக்கு மேல். கணக்குப் போடும் விதத்தை மாற்றினால் 10 கோடியையும் தாண்டும்.

இவ்வளவு துல்லியமாக எப்படித் தெரியும் என்று கேட்டால், வழக்கின் தயவுதான். ஹாலிவுட் ஸ்டுடியோக்கள் பட்ஜெட் காகிதத்தைக் கருவூலம் போலப் பூட்டி வைப்பவை. இந்த வழக்கில் அவை சாட்சிய ஆவணங்களாக மேஜைக்கு வந்தன. 2007இல் லாஸ் ஏஞ்சலஸ் டைம்ஸ் அவற்றை வரிவரியாக எடுத்து எழுதியது.

அந்தக் காகிதங்களில் லஞ்சக் கணக்கும் இருந்ததாமே?

இருந்தது. மொராக்கோவில் படப்பிடிப்பு நடந்தபோது ‘மரியாதைத் தொகை’, ‘அன்பளிப்பு’ என்ற தலைப்புகளில் கொடுத்தவை, ஒரு வரியில் பச்சையாக ‘உள்ளூர் லஞ்சம்’ என்றே எழுதியது, எல்லாம் சேர்ந்து 2 லட்சத்து 37 ஆயிரம் டாலர். ஓர் ஆற்றைச் சீரமைக்கும் வேலை படப்பிடிப்புக்கு இடைஞ்சலாக இருந்தது என்பதற்காக அதை நிறுத்திவைக்க 40 ஆயிரம் டாலர். ஆற்று வேலையை நிறுத்தக் காசு கொடுத்ததை ரசீது மாதிரி எழுதி வைத்த கணக்குப்பிள்ளையின் நேர்மையை நான் மெச்சுகிறேன்.

இன்னொன்றும் இருந்தது. 46 விநாடி ஓடும் ஒரு விமான விபத்துக் காட்சி. செலவு 20 லட்சம் டாலருக்கு மேல். எடுத்து முடித்துப் பார்த்துவிட்டு, வேண்டாம் என்று படத்திலிருந்தே வெட்டிவிட்டார்கள்.

நஷ்டத்துக்குக் காரணம் கஸ்லரா?

நிறுவனம் அப்படித்தான் சொன்னது. எனக்கு அதில் பெரிய நம்பிக்கை இல்லை. எழுத்தாளர் முணுமுணுத்ததால் ஒரு படம் விழுந்தது என்றால், எழுத்தாளர் புகழ்ந்தால் எல்லாப் படமும் ஓட வேண்டும். மெக்கானஹே தன் வண்டிக்குப் பின்னால் பட விளம்பரம் வரைந்த கூடார வண்டியை இழுத்துக்கொண்டு அமெரிக்கா முழுக்கச் சுற்றினார். விளம்பரத்துக்குக் குறைவில்லை. செலவுதான் கட்டுக்கடங்கவில்லை. அதே படத்தை 7 கோடிக்கு எடுத்திருந்தால் இன்று யாரும் வழக்கைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்க மாட்டோம். இயக்குநர் பிரெக் ஐஸ்னருக்கு அதற்கு முன் இவ்வளவு பெரிய படத்தை நடத்திய அனுபவமும் கிடையாது.

அதே 2005 டிசம்பரில் ஆன்ஷுட்ஸின் இன்னொரு நிறுவனம் சேர்ந்து தயாரித்த முதல் ‘நார்னியா’ படம் 70 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது. அதுவும் நாவல்தான். அதன் ஆசிரியர் சி. எஸ். லூயிஸ் 1963லேயே இறந்துவிட்டார் என்பது தற்செயலான வித்தியாசமாக இருக்கலாம்!

தீர்ப்பு என்ன ஆனது?

படிப்படியாகச் சொல்கிறேன், இல்லையென்றால் குழம்பும்.

2007இல் ஜூரி முன்னால் பதினான்கு வாரம் விசாரணை. கஸ்லருக்கு வாதாடியவர் ஹாலிவுட்டே அஞ்சும் வக்கீல் பெர்ட் ஃபீல்ட்ஸ். மே மாதம் ஜூரி சொன்னது: நிறுவனத்துக்கு கஸ்லர் 50 லட்சம் டாலர் தர வேண்டும். ஒப்பந்தத்தில் எழுதாவிட்டாலும், இரண்டு பக்கமும் நல்லெண்ணத்தோடு நடக்க வேண்டும் என்பது அங்கே சட்டம். அதை அவர் மீறினார் என்பது அடிப்படை. நிறுவனம் கேட்டதோடு ஒப்பிட்டால் இது சொற்பம்.

2009 ஜனவரியில் நீதிபதி அதன் மேல் ஒரு கல்லை வைத்தார். நிறுவனத்தின் வக்கீல் செலவு 1 கோடியே 39 லட்சம் டாலரையும் கஸ்லரே கட்ட வேண்டும் என்றார். அதாவது அபராதத்தைப் போல கிட்டத்தட்ட மூன்று மடங்கு வக்கீல் ஃபீஸ்.

2010 மார்ச்சில் கலிஃபோர்னியா மேல்முறையீட்டு நீதிமன்றம் இரண்டையும் ரத்து செய்தது. 50 லட்சமும் இல்லை, ஃபீஸும் இல்லை.

வழக்கு மறுபடி கீழே போய், மறுபடி மேலே வந்தது. இரண்டாவது புத்தகத்துக்காகத் தனக்குப் பாக்கி என்று கஸ்லர் கேட்ட சுமார் 85 லட்சம் டாலரும் கிடைக்கவில்லை. 2012 டிசம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம், இந்த வழக்கில் ஜெயித்தவர் என்று யாரையும் சொல்ல முடியாது, அவரவர் வக்கீல் செலவு அவரவருக்கு என்று முடித்தது.

அப்படியென்றால் யாருக்கு லாபம்?

வக்கீல்களுக்கு. தோற்றவன் கோர்ட்டில் அழுவான், ஜெயித்தவன் வீட்டுக்கு வந்து அழுவான் என்பார்கள். இங்கே இரண்டு பேரும் வீட்டுக்கு வந்துதான் அழுதார்கள்.

“என் கதையைக் கெடுத்துவிட்டார்கள்” என்று மட்டும் சொல்லி வழக்குப் போட முடியாதா? எதற்கு ஒப்பந்தச் சண்டை?

பிரான்ஸில் முடியும். படைப்பைச் சிதைக்கக் கூடாது என்ற தார்மிக உரிமை அங்கே ஆசிரியருக்கு வலுவாக உண்டு. அமெரிக்காவில் 1990இல் வந்த சட்டம் அந்த உரிமையை ஓவியம், சிற்பம் போன்ற காண்கலைகளுக்குத்தான் தந்தது. நாவலுக்கு இல்லை. அதனால் அமெரிக்க எழுத்தாளருக்கு ஒப்பந்தக் காகிதத்தில் இருப்பதுதான் கேடயம். கஸ்லர் வரிக்கு வரி சண்டை போட்டதற்கு அதுதான் காரணம்.

சின்ன விதிவிலக்கு ஒன்று உண்டு. ஸ்டீஃபன் கிங்கின் சிறுகதைப் பெயரில் 1992இல் வந்த ஒரு படத்துக்கும் கதைக்கும் பெரிதாகச் சம்பந்தம் இல்லாமல் இருந்தது. அவர் பெயரைத் தலைப்புக்கு மேல் போட்டு, ஏதோ அவர் படம் மாதிரி விற்றார்கள். அவர் கோர்ட்டுக்குப் போனார். அப்படிப் போடக் கூடாது, ‘இவர் கதையைத் தழுவியது’ என்று மட்டும் போடலாம் என்றது நீதிமன்றம். பெயரைக் காப்பாற்றலாம், கதையைக் காப்பாற்ற முடியாது.

இதே மாதிரி வேறு வழக்குகள்?

இரண்டு சொல்கிறேன். ஜேம்ஸ் பாண்டை உருவாக்கிய இயன் ஃப்ளெமிங், கெவின் மெக்லோரி என்ற தயாரிப்பாளரோடு சேர்ந்து ஒரு படக்கதை செய்தார். படம் நடக்கவில்லை. ஃப்ளெமிங் அந்தக் கதையையே 1961இல் ‘தண்டர்பால்’ நாவலாக்கிவிட்டார். மெக்லோரி லண்டனில் வழக்குப் போட்டார், 1963இல் சமரசம். நாவலின் படவுரிமை மெக்லோரிக்குப் போனது. அதனால்தான் 1983இல், வழக்கமான பாண்ட் தயாரிப்பாளர்கள் இல்லாமலேயே ஷான் கானரி நடித்த ஒரு பாண்ட் படம் வர முடிந்தது. இங்கே திசையே தலைகீழ்: நடக்காத படம் நாவலாகி கோர்ட்டுக்கு வந்தது.

இன்னொன்று ‘வீல் ஆஃப் டைம்’ என்ற மாயாஜால நாவல் வரிசை. படவுரிமை வைத்திருந்தவர்களுக்குக் காலக்கெடு முடியப்போகிறது. 2015 பிப்ரவரியில், கெடு முடிய ஓரிரு நாள் இருக்கையில், அரை மணி நேரக் காட்சி ஒன்றை எடுத்து நள்ளிரவு ஒன்றரை மணிக்கு அமெரிக்கத் தொலைக்காட்சியில் ஓட்டிவிட்டார்கள். மறைந்த ஆசிரியரின் மனைவி, தனக்கு இது தெரியவே தெரியாது என்று பகிரங்கமாகச் சொன்னார். அவர் மேலேயே அவதூறு வழக்குப் போட்டார்கள்! பிறகு சமரசமாகி, தொடர் வேறு இடத்தில் வந்தது.

டர்க் பிட்டை வைத்து அடுத்த படம் ஏன் வரவில்லை?

நஷ்டமும் வழக்கும் சேர்ந்த பிறகு யார் தொடுவார்கள்? தொடர்ச்சியாகப் பல பாகம் எடுப்பதுதான் முதலில் போட்ட திட்டம். கஸ்லரோ நிற்காமல் எழுதிக்கொண்டிருந்தார், மகன் டர்க்கோடும் மற்றவர்களோடும் சேர்ந்து. 2020 பிப்ரவரியில், 88 வயதில் இறந்தார்.

இத்தனைக்கும் பிறகு படத்தைப் பார்க்கலாமா?

தாராளமாக. மெக்கானஹேயும், நண்பன் ஜியார்டினோவாக வரும் ஸ்டீவ் ஸானும் ஒருவரையொருவர் கலாய்த்துக்கொண்டு ஒட்டகத்திலும் படகிலும் ஓடுவது ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்துக்கு நன்றாகவே இருக்கும். நாவலைப் படித்தவர்கள் லிங்கனைத் தேட வேண்டாம்.